முதுகுக்கு ஆசனம் பண்ணப்போயி இடுப்பு பிடிச்சுக்கிச்சுங்க, முறையா எதுல இருந்து ஆரம்பிக்கோணும்?

திருப்பூர்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 44 வயசு, பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின்ல ஒக்காந்து 19 வருசமாச்சு. காலைல எட்டரைக்கு ஒக்காந்தா சாயந்திரம் அஞ்சரை, கப்பல்ல சரக்கு ஏத்தற தேதி நெருங்கிருச்சுன்னா ஒன்றரை ஷிப்ட்டு, ராத்திரி எட்டரை ஆயிரும். முதுகு சாய்க்கறதுக்கு ஒண்ணுமில்லாத ஸ்டூலு, வலது காலு பெடல்லயே கிடக்கும், கழுத்து பீஸ் மேல குனிஞ்சது குனிஞ்சபடியே இருக்கும், பீஸ் ரேட்டுங்கறதால நடுவுல எந்திரிக்கவும் மனசு வராது. ரெண்டு வருசமா நடு முதுகும் இடுப்பும் ராத்திரி படுத்தா தூங்க விடாம வலிக்குது. டாக்டர்கிட்ட போனேன், எக்ஸ்ரே பாத்துட்டு எலும்புல பெருசா ஒண்ணுமில்ல, தசை இறுக்கம்தான், மாத்திர போடு, ஏதாச்சும் எக்சர்சைஸ் பண்ணுன்னு சொன்னாரு, ஆனா என்ன எக்சர்சைஸ்னு சொல்லல.

சரி ஆசனம் கத்துக்கலாம்னு போன்ல வீடியோ பாத்து ஆரம்பிச்சேன். காலைல நாலரைக்கு எந்திரிச்சு அடுப்பு பத்தவைக்கறதுக்கு முன்னாடி பாய் விரிச்சு நேரா பச்சிமோத்தானாசனம், கால நீட்டி ஒக்காந்து முன்னால குனியறது. அதுல ஒரு பொண்ணு நெத்தி முட்டில படற மாதிரி மடங்குது, நானும் கால் கட்டை விரல எப்படியாச்சும் புடிச்சரோணும்னு மூச்ச புடிச்சுட்டு இழுத்தேன். நாலாவது நாள் இடுப்புல சுளீர்னு ஒண்ணு, அவ்ளோதான், ஒம்பது நாள் நேரா நிமிர முடியல, மூணு நாள் லீவு. இப்ப பரவால்லைங்க. ஆனா விட்டுர மனசில்ல. எங்கம்மா வயக்காட்டு வேலை பாத்து பாத்து அறுபது வயசுலயே முதுகு கூன் விழுந்து நிலத்த பாத்துதான் நடந்தாங்க, எனக்கு அப்படி ஆயிரக்கூடாதுன்னுதான் இந்த முயற்சியே.

என்ர சந்தேகம் என்னன்னா, மொதல்ல எந்த ஆசனம், அப்புறம் எது, இதுக்கு ஒரு வரிசை இருக்குதுங்களா? பக்கத்து வீட்டு அக்கா சர்வாங்காசனம் (தோள்பட்டைல நின்னு கால மேல தூக்கறது) பண்ணு, தைராய்டு மாத்திரையே தேவப்படாதுங்கறாங்க (நான் ஆறு வருசமா தைராய்டு மாத்திர போடறேன்), அது நெசமுங்களா? வஜ்ராசனத்துல (முட்டி போட்டு குதிகால் மேல ஒக்கார்றது) ஒக்காந்தா ரெண்டு நிமிசத்துல காலு மரத்துப்போகுது, அது நல்லதா கெட்டதா? எனக்கு ஒரு நாளைக்கு 20, 25 நிமிசம்தான் கிடைக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

நெல்லை பிசியோ:

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், தையல் வேலை, பீடி சுத்துற வேலை பாக்குற நிறைய பேர பாத்திருக்கேன். நீங்க சொன்னத படிச்சதுமே எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு. உங்க மேல தப்பில்ல, யாரும் உங்களுக்கு சொல்லல அவ்வளவுதான்.

முதல் விஷயம் நேரம். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் தண்ணிய உறிஞ்சி ஊதி நிக்கும், அதனாலதான் காலைல நம்ம உயரம் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்கும், பகல்ல நடக்க நடக்க அது இறங்கிரும். எந்திரிச்ச முதல் ஒரு மணி நேரத்துல ஊதிப்போய் இருக்குற டிஸ்க்க வச்சுகிட்டு ஆழமா குனிஞ்சா அதோட பின்பக்கத்துல அழுத்தம் ரொம்ப ஏறும். நீங்க நாலரைக்கு எந்திரிச்சு மூஞ்சி கழுவுன உடனே பண்ணது அதத்தான்.

ரெண்டாவது, பத்து மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்தா தொடைக்கு பின்னாடி இருக்குற தசை சுருங்கிரும், இடுப்புக்கு முன்னாடி தொடைய தூக்குற தசையும் சுருங்கிரும். பச்சிமோத்தானத்துல நியாயமா இடுப்பு எலும்பே முன்னால உருளணும். பின் தொடை இழுத்து புடிச்சுகிட்டு இருந்தா அது உருளாது, அப்ப எங்கயாவது மடங்கணும்ல, கீழ் முதுகுதான் மடங்கும். கால் விரல தொட்டிருவீங்க ஆனா விலை கொடுத்தது முதுகு. நாள் முழுக்க மெஷின்ல குனிஞ்சே இருக்குற முதுகுக்கு காலைலயும் குனியுற ஆசனத்தையே கொடுத்தா அது பாவம் என்ன பண்ணும். உங்களுக்கு முதல்ல தேவை பின்னால வளையுறதும், இடுப்ப திறக்குறதும், முதுகுத் தசைய பலப்படுத்துறதும்தான்.

வஜ்ராசனம் பத்தி. முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ ஒரு எலும்பு முண்டு கையில தட்டுப்படும், அத சுத்தி ஒரு நரம்பு தோலுக்கு ரொம்ப பக்கத்துல ஓடுது, பாதத்த மேல தூக்குறது அந்த நரம்புதான். முட்டி போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா அது நசுங்கும். இப்படி மணிக்கணக்குல உக்காந்து பாதம் தூக்க முடியாம போனத 1971லயே மருத்துவ பத்திரிகைல எழுதியிருக்காங்க. ரெண்டு நிமிசம் மரத்துப்போனா பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா "தாங்கிக்க பழகணும்"னு மரத்த காலோட உக்காரவே கூடாது, உடனே காலை நீட்டிருங்க. பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவுல ஒரு தலகாணி வச்சா பாதி பிரச்சனை தீரும்.

இன்னொன்னு, இத கண்டிப்பா மனசுல வச்சுக்கிடுங்க. வலி காலுக்கு இறங்கி பாதம் தொங்குனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ, உக்காரும்போது தரைல படுற இடம் மரத்துப்போனாலோ ஆசனமும் வேண்டாம் எண்ணெய் தேய்க்கவும் வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிரணும்.

பழைய பிடி மாஸ்டர்:

அம்மா வணக்கம். நான் மதுரைப் பக்கம் ஸ்கூல்ல 31 வருசம் பிடி மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப காலைல எங்க தெரு மொட்டை மாடில பதினாலு பேருக்கு ஆசனம் சொல்லிக் கொடுக்குறேன், காசு வாங்குறதில்ல. தம்பி பிசியோ சொன்னது அத்தனையும் சரி, அத முதல்ல மனசுல வாங்கிக்கங்க. நான் வரிசைய சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

எனக்கு கத்துக்கொடுத்தவர் மெட்ராஸ்ல கிருஷ்ணமாச்சாரியார் வழியில படிச்சவர். அந்தப் பெரியவர் 1888ல பொறந்து 1989 வரைக்கும் இருந்தவர், மைசூர் அரண்மனைல யோகசாலை நடத்தி அப்புறம் மெட்ராஸ் வந்து கடைசி வரைக்கும் சொல்லிக்கொடுத்தவர். புனேல பி.கே.எஸ். ஐயங்கார், மைசூர்ல பட்டாபி ஜோயிஸ் ரெண்டு பேருமே அவர்கிட்ட படிச்சவங்கதான், 1976ல அவர் பேர்ல சென்னைல யோக மந்திரம்ங்கற யோகா பள்ளி ஆரம்பிச்சது அவர் மகன் தேசிகாச்சார். அந்த வழியில எங்களுக்கு முதல் பாடமா சொன்னது, ஆளுக்கு ஏத்த மாதிரி ஆசனத்த மாத்தணும், ஆசனத்துக்காக ஆளை முறுக்கக்கூடாது. ரெண்டாவது பாடம் மூச்சு. உடம்பு விரியும்போது மூச்சு உள்ள, மடங்கும்போது வெளிய. ஒரு ஆசனத்துல நிக்கும்போது மூச்சு திணறுனா, அடைச்சா, வாயால வந்தா நீங்க உங்க அளவ தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், உடனே ஒரு சாண் பின்னால வந்துரணும். உங்களுக்கு நடந்ததப் பாருங்க, "மூச்ச புடிச்சுட்டு இழுத்தேன்"னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த இடத்துலயே நிறுத்தியிருக்கணும்மா. கால் விரல தொடுறது ஆசனம் இல்ல. முட்டி கிட்ட கை இருக்கும்போது மூச்சு நல்லா ஓடுதா, அதுதான் இன்னிக்கு உங்களோட பச்சிமோத்தானம்.

முதல் மூணு வாரம் நிக்கவே வேண்டாம், படுத்தே பண்ணுங்க. காலைல எந்திரிச்சு சமையல முடிச்சுட்டு, சாப்பிடுறதுக்கு முன்னாடி பண்ணா தம்பி சொன்ன ஒரு மணி நேரமும் கழிஞ்சிரும், வயிறும் காலியா இருக்கும். முடியலயா, சாயந்திரம் வேலை விட்டு வந்து பண்ணுங்க, அப்ப உடம்பு இளகி இருக்கும், காலைய விட சாயந்திரம் வளையுறது சுலபம். மதியம் சாப்பிட்டது செரிக்க நாலு மணி நேரம் ஆகியிருக்கணும், அவ்வளவுதான்.

ஜமக்காளத்த ரெண்டா மடிச்சு விரிச்சு மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி பாதத்த தரைல ஊனி வச்சுக்கங்க, சும்மா பத்து மூச்சு, வெளிய விடுறது உள்ள இழுக்குறத விட நீளமா இருக்கட்டும். முதுகு தரைல படுறத உணர முடியுதான்னு பாருங்க. அப்புறம் ஒத்தக்கால் பவனமுக்தாசனம், ஒரு முட்டிய மட்டும் கையால நெஞ்சு பக்கம் கொண்டுவந்து, மூச்சு வெளிய போறப்ப லேசா அணைச்சு, உள்ள வர்றப்ப தளர்த்தி, ஒரு பக்கம் ஆறு தடவ. தலைய தூக்கி முட்டிய மூக்கால தொட சொல்லுவாங்க, இப்ப அது வேண்டாம், உங்க கழுத்து ஏற்கனவே நாள் பூரா குனிஞ்சு கிடக்கு. இந்த ஆசனத்துக்கு பேர் வந்ததே வாயுவ விடுவிக்கிறதாலதான், வயிறு உப்புசம் இருக்குறவங்களுக்கு நிஜமாவே காத்து கலைஞ்சு வயிறு லேசாகும், அது நான் கண்ணால பாத்தது.

அடுத்து சேதுபந்தாசனம், அதே மாதிரி படுத்து பாதத்த ஊனி இடுப்ப மட்டும் மேல தூக்கணும், மூச்சு உள்ள வர்றப்ப ஏறி வெளிய போறப்ப ஒவ்வொரு எலும்பா தரைல இறக்குறது. இது உங்களுக்கு மருந்து மாதிரி. ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து பிட்டத்து தசை செத்துப்போய் கிடக்கும், அது முழிச்சாத்தான் முதுகுக்கு பாரம் குறையும், அதோட தொடை முன்பக்கமும் நீளும். ஒரே நேரத்துல ரெண்டு வேலை.

அப்புறம் ஒரு துண்ட எடுத்து வலது பாதத்துல மாட்டி ரெண்டு முனையையும் கைல புடிச்சு காலை மேல நீட்டுங்க, முதுகு தரைலயே இருக்கணும், முட்டி கொஞ்சம் மடங்கி இருந்தா பரவால்ல. சுப்த பாதாங்குஷ்டாசனம்னு பேரு. பச்சிமோத்தானத்துல நீங்க இழுக்க நெனச்ச அதே பின் தொடை தசைதான் இங்கயும் நீளுது, ஆனா முதுகு தரைல பத்திரமா படுத்திருக்கு. என்கிட்ட வர்ற டிரைவர், டைலர், கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற புள்ளைங்க எல்லாருக்கும் நான் முதல்ல கொடுக்குறது இதான்.

இப்ப குப்புற திரும்பி மகராசனத்துல கைய மடிச்சு தலைய சாய்ச்சு கொஞ்ச நேரம் கிடங்க. அதுக்கப்புறம் புஜங்காசனம். நிறைய பேர் இங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, கைய ஊனி தம் கட்டி உடம்ப தள்ளி மேல ஏத்துவாங்க, கழுத்த ஒடிச்சு அண்ணாந்து பாப்பாங்க. அது கையோட பலம், முதுகோட பலம் இல்ல. கைய தரைல சும்மா வச்சுகிட்டு முதுகுத் தசையாலயே நெஞ்ச நாலு விரக்கடை தூக்குங்க, அவ்வளவு போதும், தொப்புள் தரைய விட்டு எழும்பவே கூடாது, பார்வை முன்னால தரைல ஒரு முழம் தள்ளி. மூணு மூச்சு இருந்து இறங்குங்க, ஆறு தடவ. பாம்பு படம் எடுக்கும்போது பாதி உடம்பு தரைலதான் கிடக்கும் பாத்தீங்களா, அத நெனச்சுக்கங்க. நாள் பூரா உள்ள குழிஞ்சு கிடக்குற நெஞ்சு விரியும், முதுகெலும்ப ரெண்டு பக்கமும் தாங்குற தசை கயிறு மாதிரி உறுதியாகும். இதோட அர்த்த சலபாசனம், ஒவ்வொரு காலா பின்னால தூக்குறது, ஒரு சாண் உயரம் போதும்.

எந்த வளைவுக்கும் ஒரு மாத்து ஆசனம் உண்டு, பின்னால வளைஞ்சா உடனே எந்திரிச்சு போகக்கூடாது, திரும்ப மல்லாந்து ரெண்டு முட்டியையும் நெஞ்சோட லேசா வச்சு கொஞ்சம் அசைச்சு முதுக சமன் பண்ணிட்டுத்தான் சவாசனம், அசையாம மல்லாந்து கிடக்குறது. சவாசனத்த வெட்டிரக்கூடாதும்மா. நேரம் இல்லன்னு எல்லாரும் முதல்ல வெட்டுறது அதத்தான். உங்களுக்கு இருக்குற 25 நிமிசத்துல அஞ்சு நிமிசம் அதுக்கு, முட்டிக்கு அடில தலகாணி வச்சுக்கங்க, முதுகு நிம்மதியா படியும்.

நாலாவது வாரத்துல இருந்து நின்னுகிட்டு. தாடாசனம் பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பாதத்துலயும் பாரம் சமமா இறங்குதான்னு கவனிச்சு பாருங்க, உங்க வலது கால் பெடல்லயே இருந்ததால இடது பக்கம்தான் பாரம் அதிகம் இறங்கும்னு நெனக்கிறேன். கைய மேல தூக்கி குதிகால எழுப்பி நிக்கிறது, பக்கவாட்டுல வளையுறது, சுவரப் புடிச்சுகிட்டு ஒத்தக்கால்ல நிக்கிற விருட்சாசனம். திரிகோணாசனம், அதாவது கால அகட்டி நின்னு ஒரு பக்கமா சாயறது, சுவத்துல முதுக ஒட்டி வச்சு பண்ணுங்க, கைய தரைக்கு கொண்டுபோக வேண்டாம், முழங்காலுக்கு கீழ எங்க எட்டுதோ அங்க. உடம்பு முன்னால சாஞ்சிருச்சுன்னா சுவரே காட்டிக்கொடுத்துரும்.

பச்சிமோத்தானம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு பாக்கலாம், அதுவும் போர்வைய மடிச்சு மேல உக்காந்து, முட்டிய மடக்கி, நெத்தி முட்டிக்கு இல்ல, அடிவயிறு தொடைக்கு போகணும். அந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சுட்டா முதுகு பத்திரம்.

மழைத்துளி:

மாஸ்டர் சார் எவ்ளோ பொறுமையா சொல்லியிருக்கீங்க, நான் சேவ் பண்ணி வெச்சுக்கிட்டேன்.

திருப்பூர் அக்கா, தைராய்டு பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான் அந்த வழியில போய் பட்டவ. சென்னை, 51 வயசு. எனக்கும் இதே மாதிரி ஒரு கிளாஸ்ல சர்வாங்காசனம் பண்ணா கழுத்துல இருக்கற சுரப்பிக்கு ரத்தம் பாயும், மாத்திரை நிறுத்திடலாம்னு சொன்னாங்க, நானும் நம்பி மூணு மாசம் நிறுத்திட்டேன். உடம்பு கனத்து, முடி கொட்டி, எந்நேரமும் தூக்கம், குளிர் தாங்கல, டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைஞ்சா ஏறற ஹார்மோன்) எங்கயோ போயிருந்தது. டாக்டர் பொறுமையா விளக்கினாங்க, நிறைய பேருக்கு இந்த தைராய்டு குறைபாடு நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே சுரப்பிய அழிக்கறதால வர்றது, தலைகீழா நின்னு ரத்தம் போனா மட்டும் அழிஞ்சது வளராது. ஆசனம் பண்ணுங்க, சோர்வு குறையும், மனசு நல்லா இருக்கும், தூக்கம் வரும், ஆனா மாத்திரை வெறும் வயித்துல தினமும், டோஸ் குறைக்கறதா இருந்தா டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் குறைக்கணும். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க அக்கா, இத கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன்.

இன்னொண்ணு. எனக்கு பிபியும் இருக்கு, அம்மாவுக்கு கண்ணுல பிரஷர் இருந்து பார்வை போச்சு. இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கறவங்க, கழுத்து எலும்பு தேய்மானம் இருக்கறவங்க சர்வாங்காசனம், சிரசாசனம் (தலைகீழா நிக்கறது), ஹலாசனம் (மல்லாந்து கால தலைக்கு பின்னால கொண்டுபோறது) பக்கமே போகக்கூடாது. சென்னை சங்கர நேத்ராலயாவுல சிரசாசனம் பழகின 75 பேர வெச்சு பாத்த ஆராய்ச்சி 2006ல வெளியாச்சு, தலைகீழா நிக்கும்போது கண்ணோட அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகுதுன்னு தெரிஞ்சது. கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கு இறங்கினதும் சரியாயிடும், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்களுக்கு அந்த நேரமே ஆபத்து. நாப்பது தாண்டிட்டா ஒரு தடவ கண் அழுத்தம் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

அதுக்கு பதிலா நான் பண்றது காலை சுவத்துல தூக்கி வெச்சுக்கிட்டு தரைல மல்லாக்க படுக்கறது, பத்து நிமிஷம். நாள் முழுக்க தொங்கின காலுக்கு வீக்கம் வடியும். பிபிக்கு எனக்கு கை கொடுத்தது சவாசனம்தான். 1969லயே பம்பாய்ல தாத்தேன்னு ஒரு இருதய டாக்டரோட குழு ரத்தக்கொதிப்பு இருந்த 47 பேருக்கு சவாசனம் கத்துக்கொடுத்து பாத்து கட்டுரை எழுதினாங்க, பல பேருக்கு அழுத்தம் குறைஞ்சுது. என் மாத்திரைய டாக்டர் ஒரு வருஷம் கழிச்சு பாதியா குறைச்சாங்க, நானா குறைக்கல.

ஏட்டுச்சுவடி:

தலைப்புல "முறையா"ன்னு கேட்டிருக்கீங்க, அத பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை. நம்ம தமிழ்லயே இதுக்கு பழைய இடம் இருக்கு. திருமந்திரத்துல மூணாம் தந்திரத்துல அட்டாங்க யோகம் வருது, அதுல ஆதனம்னு தனிப் பகுதி. பத்மம், பத்திரம், குக்குடம், சிங்கம்னு திருமூலர் சொல்றது பெரும்பாலும் உக்கார்ற நிலைகள்தான், காரணம் நோக்கம் நீண்ட நேரம் அசையாம உக்காந்து மூச்சையும் மனசையும் நிறுத்துறது. யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஆசனத்துக்கு கொடுக்குற இலக்கணமும் இவ்வளவுதான், உறுதியா இருக்கணும், சுகமா இருக்கணும். மாஸ்டர் சொன்ன மூச்சு அளவுகோல் நேரா இதுல இருந்து வர்றதுதான்.

பதினஞ்சாம் நூற்றாண்டு ஹடயோக பிரதீபிகைங்கற சமஸ்கிருத நூல்ல மொத்தமே 15 ஆசனம். பச்சிமோத்தானம், தனுராசனம், மயூராசனம், சவாசனம் எல்லாம் அதுல இருக்கு, நாம இன்னிக்கு தினம் பண்ற திரிகோணாசனம் இல்ல. சூரிய நமஸ்காரத்த ஒரு உடற்பயிற்சியா ஊரெல்லாம் பரப்புனதுல மகாராஷ்டிரா பக்கம் ஔந்து சமஸ்தான ராஜாவுக்கு பெரிய பங்கு, அது 1920கள்ல. புதுசுங்கறதால மட்டம் இல்ல, எது எப்ப வந்ததுன்னு தெரிஞ்சுக்கறது நல்லதுன்னு சொல்றேன்.

பலன் சொல்றதுலயும் இதே கவனம் வேணும். மயூராசனம் பண்ணா ஆலகால விஷமும் செரிக்கும்னு பிரதீபிகைல இருக்கு. அந்த காலத்துல அது ஆசனத்த போற்றிச் சொல்ற முறை. அத அப்படியே எடுத்து "இந்த ஆசனம் இந்த நோய தீர்க்கும்"னு இன்னிக்கு சார்ட் அடிச்சு ஒட்டுறது எனக்கு வருத்தமா இருக்கு, மழைத்துளி அக்காவுக்கு நடந்தது அதோட விளைவுதான். நம்ம ஆளுங்களே இத சோதிச்சு பாக்கணும்னு கிளம்புனாங்க, குவலயானந்தர் 1924ல லோனாவ்லால கைவல்யதாமம் ஆரம்பிச்சு எக்ஸ்ரே எடுத்தும் அழுத்தம் அளந்தும் பாத்தார். அந்த பாதைய நாம மறந்துரக்கூடாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ண வேண்டியதுல யோகாவையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒண்ணு 2017ல வழிகாட்டி வெளியிட்டுச்சு. வலி மாயமா மறையாது, கொஞ்சம் குறையும், நடமாட்டம் கூடும். உங்க பிரச்சனைக்கு இந்த அளவு நம்பிக்கை தாராளமா வைக்கலாம்.

திருப்பூர்காரி:

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேனுங்க. மழைத்துளி அக்கா, மாத்திரைய நிறுத்தமாட்டேன், பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் நீங்க எழுதினத படிச்சு காட்டிட்டேன், அவங்களும் யோசிக்கறாங்க. மாஸ்டர் ஐயா, நேத்து கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கமா சாஞ்சுதான் நிக்கறேன், இத்தன வருசம் ஒருத்தரும் சொன்னதில்ல. ஒரே ஒரு கேள்வி, வீட்டுலயே பண்ணா சரியா பண்றனான்னு யாரு பாக்கறது? கத்துக்க எங்க போறதுங்க, மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் எல்லாம் குடுக்க முடியாது.

நொய்யல் கரை:

அக்கா நானும் உங்க பக்கத்து ஊருதானுங்க. மெடிக்கல் காலேஜ் கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள்ல யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுன்னு தனியா இருக்கும், ஓபி சீட்டு போட்டுட்டு போனா அதுக்குன்னே அஞ்சரை வருசம் படிச்ச டாக்டருங்க பாத்து சொல்லிக்குடுப்பாங்க, சென்னை அரும்பாக்கத்துல அதுக்கு கவர்மென்ட் காலேஜே இருக்குது. ஊருக்கு ஊரு மனவளக்கலை மன்றம் இருக்குமுங்க, வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி சொல்லித்தருவாங்க. அது ஆசன வரிசை இல்லைன்னாலும் கை கால் மூட்டு கழுத்து எல்லாம் இளக்கறதுக்கு நல்லா இருக்குது, எங்க அப்பா 68 வயசுல பண்றாரு. எங்க போனாலும் போன உடனே தைராய்டு, பழைய இடுப்பு பிடிப்பு ரெண்டையும் சொல்லீருங்க. உங்ககிட்ட ஒண்ணும் கேக்காம எல்லாரையும் ஒரே மாதிரி வளைக்கற எடமா இருந்தா திரும்பி வந்தறலாமுங்க.

பழைய பிடி மாஸ்டர்:

நொய்யல் தம்பி சொன்னது நல்ல யோசனை. வீட்டுல பண்றப்ப பையனையோ பொண்ணையோ போன்ல பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுக்க சொல்லுங்கம்மா, தப்பு உங்க கண்ணுக்கே தெரியும். வேலைல டீ பிரேக்குக்கு எந்திரிக்கிறப்ப ரெண்டு கையையும் இடுப்புல பின்னால வச்சு லேசா பின்னால சாஞ்சு அஞ்சு மூச்சு, அப்புறம் தாடை உள்ள இழுத்து கழுத்த நேராக்கி அஞ்சு மூச்சு. பாய் வேண்டாம், ஒரு நிமிசம்தான், ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவ பண்ணணும். காலைல பண்ற 25 நிமிசத்த மிச்ச பத்து மணி நேரம் அழிச்சிராம பாத்துக்கறது இந்த ஒரு நிமிசம்தான்.

திருப்பூர்காரி: (ஏழு வாரம் கழிச்சு)

மறுபடியும் வந்துட்டேனுங்க, சொல்லாம இருக்க முடியல. மூணு வாரம் படுத்தே பண்ணேன். சேதுபந்தாசனத்துல மொத வாரம் இடுப்பு ஒரு சாண் கூட ஏறல, தொடை கிடுகிடுன்னு ஆடுச்சு, இப்ப ஆறு தடவ ஏறி எறங்கறேன். துண்டு போட்டு கால் தூக்கறதுல வலது காலு இடது காலை விட ரொம்ப கம்மியாத்தான் ஏறுது, பெடல் காலு அதானுங்க. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு லீவு நாளுக்கு அடுத்த நாள் போனேன், அந்த டாக்டரம்மா புஜங்காசனத்துல என்ர தோள்பட்டை காதுகிட்ட ஏறிக்குதுன்னு கையால தொட்டு எறக்கி விட்டாங்க, அதுக்கப்புறம் கழுத்து வலி நல்லாவே கொறைஞ்சிருச்சு.

முதுகு வலி போயிருச்சான்னு கேட்டா இல்லைங்க, ஒன்றரை ஷிப்ட்டு ஓட்டுன நாள் இன்னும் வலிக்குது. ஆனா முன்ன ராத்திரி ரெண்டு மணிக்கு வலில முழிச்சு ஒக்காந்திருப்பேன், இப்ப வாரத்துல ஒரு நாள்தான் அப்படி. தைலம் வாங்கறது கொறைஞ்சிருச்சு. எங்க லைன்ல டீ பிரேக்குக்கு நான் பின்னால சாயறத பாத்து மொதல்ல சிரிச்சாங்க, இப்ப பேட்லாக் மெஷின் ஓட்டற ரெண்டு பொண்ணுங்களும் செக்கிங் அக்காவும் எங்கூட சேந்து நிக்கறாங்க. சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல.

ஐயா, ஒண்ணு கேக்கோணும். திரிகோணாசனத்துல எடது பக்கம் சாயறப்ப எடது முட்டிக்கு உள்பக்கம் லேசா வலிக்குது, வலது பக்கம் அப்படி இல்ல. விட்டறலாமா?

பழைய பிடி மாஸ்டர்:

படிக்க படிக்க சந்தோசமா இருக்கும்மா, அந்த புள்ளைங்களையும் விட்டுராதீங்க.

முட்டிக்கு, இடது பாதம் நேரா வெளிய பாக்குதான்னு பாருங்க, பாதம் ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் பாத்தா இந்த வலி வரும். முட்டிய பின்னால தள்ளி பூட்டுற மாதிரி நிக்காம நூலளவு மடக்கி, தொடைத் தசைய மேல இழுத்து புடிச்சு, முட்டி நடு விரலுக்கு நேரா வர்ற மாதிரி வச்சுக்கங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்குற தூரத்தையும் ஒரு ஜாண் குறைங்க. கை கீழ எட்டலன்னா உங்க தையல் ஸ்டூல் மாதிரி ஒண்ண பக்கத்துல வச்சு அது மேல ஊனிக்கங்க. ஒரு வாரம் இப்படி பண்ணி பாருங்க. அப்பவும் வலிச்சா திரிகோணாசனத்த நிறுத்திட்டு, அடுத்த தடவ போறப்ப அந்த டாக்டரம்மாகிட்ட முட்டிய காட்டிருங்க, அதுவரைக்கும் விருட்சாசனமும் பக்கவாட்டு வளைவும் போதும்.